குன்று எரிந்த மறுவாரம்

போன மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருட்டு பிரியும் முன்னாடியே பெங்களூர் அல்சூரிலிருந்து கிளம்பி, நந்தி மலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு குன்றுக்கு நானும் அத்தை மகனும் பறவை பார்க்கப் போனோம். அடிவாரத்தில் வண்டியை நிறுத்தும்போதே கருகின வாடை. முந்தின வாரம்தான் எரிந்திருக்கிறது. இடுப்பளவு புல் நின்ற சரிவு முழுக்கக் கறுப்பு, காலை வைத்தால் சாம்பல் எழும்பி மூக்கில் ஏறுகிறது. ஒரு பாறையின் ஓரமாக வெறும் தரையில் இரண்டு முட்டைகள், ஓடு வெடித்து, உள்ளே வெந்து இறுகிப் போயிருந்தன. பக்கி என்கிற இரவுப் பறவையின் முட்டையாகத்தான் இருக்கும், அது கூடே கட்டாமல் தரையில் இப்படித்தான் இரண்டு வைக்கும். "மச்சான், போட்டோ எடுக்காதடா" என்றான். எனக்கும் கேமராவைத் தொட மனசு வரவில்லை.

நாங்கள் தேடிப் போனது மஞ்சள்தொண்டைச் சின்னானை. நம் ஊர் கொண்டைக்குருவி இனம்தான், ஆனால் கொண்டை கிடையாது, தலையும் தொண்டையும் மஞ்சள். தென்னிந்தியாவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. அதிலும் பெரிய பெரிய உருண்டைப் பாறைகளும் நடுவில் புதரும் இருக்கும் குன்றுகளில் மட்டும்தான் வாழும். ஏலகிரி, செஞ்சிப் பக்கமெல்லாம் உண்டு. உலக அளவில் அழியும் ஆபத்துள்ள பறவைகளின் பட்டியலில் இருக்கிறது. ஒரு குன்றுக்கும் அடுத்த குன்றுக்கும் நடுவில் வயலும் லேஅவுட்டும் கல்குவாரியும் வந்துவிட்டதால், ஒரு குன்றின் புதர் போனால் பறந்து போய் ஒதுங்க இன்னொரு இடம் பக்கத்தில் இல்லை.

2019 பிப்ரவரி பெங்களூர்க்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். 23ஆம் தேதி எலகங்காவில் விமானக் கண்காட்சியின் பார்க்கிங் மைதானத்தில் ஏறக்குறைய 300 கார்கள் எரிந்தன. அதே நாட்களில் பந்திப்பூர் புலிக்காப்பகமும் எரிந்துகொண்டிருந்தது, பத்தாயிரம் ஏக்கருக்கு மேல். காய்ந்து சுள்ளியாகிக் கிடந்த உண்ணிச்செடி (லான்டானா என்கிற வெளிநாட்டுப் புதர்) எண்ணெய் ஊற்றினதுபோலப் பிடித்துக்கொண்டது, கடைசியில் விமானப்படை ஹெலிகாப்டர்கள் தண்ணீர் கொண்டுபோய்க் கொட்டவேண்டியிருந்தது. அப்போது எல்லோரும் புலியையும் யானையையும் பற்றித்தான் கவலைப்பட்டோம். எனக்கு ஞாபகம் வந்தது, எல்லையைத் தாண்டி முதுமலைப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் நீர்மத்தி மரங்களில் கூடு கட்டும் வெண்முதுகுப் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள்தான். அவை வருஷத்துக்கு ஒரே முட்டைதான் இடும், குஞ்சு இன்னும் பறக்கத் தெரியாமல் கூட்டில் உட்கார்ந்திருக்கும் பிப்ரவரி மார்ச்தான் தீக்காலமும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்கிற வலி மருந்து செத்த மாட்டைத் தின்றபோது உடம்பில் ஏறி, கொத்துக்கொத்தாகச் செத்து, 2006இல் அது தடை செய்யப்பட்ட பிறகு மிஞ்சின கொஞ்சம் பறவைகள் அவை. ஒரு மரம் கருகினால்கூட அது பெரிய இழப்பு.

சரி, குன்றுக்கு வருகிறேன். கீழே மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் அரைகுறைக் கன்னடத்தில் பேச்சுக் கொடுத்தோம். "யார் வெச்ச தீ தாத்தா?" என்று கேட்டதும் முதலில் பேசவே இல்லை. அப்புறம் பீடியைக் காலுக்கடியில் நன்றாகத் தேய்த்து அணைத்துவிட்டுச் சொன்னார். அவர் அப்பா காலத்தில் சங்கராந்தி முடிந்த கையோடு, புல்லில் பனி ஈரம் இருக்கும்போதே, நாலு பேர் பச்சைத் தழையோடு கூட நின்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொளுத்துவார்களாம். தீ முழங்காலுக்கு மேல் எழும்பாது, புதரைத் தொடாது, மாட்டுக்குப் புதுப்புல் வரும். இப்போது பிடிபட்டால் கேஸ் என்பதால், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து உச்சி வெயிலில் ஒரு குச்சியைப் போட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள்.

கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர் பழங்குடிகள் பல காலமாகச் சொல்லிவருவதும் இதுதான். சீக்கிரமே வைக்கும் சருகுத் தீயை அவர்கள் 'தரகு பெங்கி' என்பார்கள். மரங்களில் ஏறும் புல்லுருவியும் கீழே மண்டும் உண்ணிச்செடியும் அந்தத் தீயால் கட்டுக்குள் இருந்தன. 1974இல் சரணாலயம் ஆனதும் அது நின்றது. உண்ணிச்செடி மண்டியது. அதற்குப் பிறகு பிடிக்கும் தீ சருகோடு நிற்பதில்லை.

இதற்காக எங்கே வேண்டுமானாலும் கொளுத்தலாம் என்று நான் சொல்லவில்லை. சோலைக்காட்டில் ஒரு சின்னத் தீகூடக் கூடாது. ஆனால் புல்லும் புதரும் உள்ள இடத்தில், தீ வந்ததா இல்லையா என்பதைவிட, எந்த மாதம் எந்த நேரத்தில் வந்தது என்பதுதான் பறவைக்கு உயிர் விஷயம். ஜனவரிக் காலையில் ஈரத்தோடு எரிந்தால் பக்கியும் கௌதாரியும் முட்டையிடும் முன் முடிந்துவிடும். மார்ச் மத்தியானத்தில் எரிந்தால் நான் பார்த்த அந்த இரண்டு முட்டைதான். புலிக்காப்பகங்களில் தீ தாண்டாமலிருக்கப் புல்லைச் செதுக்கித் தீக்கோடு வெட்டுகிறார்கள், காவலாள் போடுகிறார்கள், எங்காவது புகைந்தால் செயற்கைக்கோள் பார்த்து போனுக்குச் செய்தி வருகிறது. பெங்களூரைச் சுற்றி இருக்கும் இந்தக் கல்லுக்குன்றுகளுக்குச் செய்தி வந்தாலும் ஓடிவர ஆள் இருப்பதில்லை, இதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

மேலே இரண்டு பாறைக்கு நடுவில் ஒரு பிளவு, அதில் ஒரு அத்தி. வெறும் கல்லைத் தாண்ட முடியாமல் தீ அங்கேயே நின்றிருந்தது. ஏழே முக்கால் இருக்கும், அத்தியில் மஞ்சளாக ஏதோ அசைந்தது. ஒன்று, அப்புறம் இன்னொன்று. கருகின ஒரு குச்சியில் உட்கார்ந்து அலகை இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டது. அத்தை மகன் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

வரும் ஜனவரியில் அந்தப் பிளவைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி ஒரு தீக்கோடு போட, வனத்துறையிடம் அனுமதி கேட்டு எழுதப்போகிறோம். பெரியவர் ஆள் கூட்டி வருகிறேன் என்றிருக்கிறார். அரிவாளும் மண்வெட்டியும் பிடிக்கத் தெரிந்தவர்கள், இரண்டு ஞாயிற்றுக்கிழமை கொடுக்க முடிந்தால் கீழே எழுதுங்கள்.