கிராணியும் பாஸ்தான்

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் 26 ஆண்டுகளாகக் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருக்கிறேன். விடுப்பு வழங்கும் அதிகாரமோ, முன்பணத்தில் ஒரு வெள்ளி கூட்டிக் கொடுக்கும் அதிகாரமோ எனக்குக் கிடையாது. ஆனாலும் நாள்தோறும் பலர் என்னைப் ‘பாஸ்’ என்றுதான் அழைக்கிறார்கள்.

அப்பா ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர். அவர் காலத்தில் விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், நின்றவர்களுக்கு ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல் இருந்தது: வேலையை மேற்பார்க்கும் மண்டோர், கிராணி, எல்லோருக்கும் மேலே மேலாளரான துரை. வெள்ளைக்காரர்கள் போன பிறகும் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் துரைதான். ஒருவருக்குரிய சொல்லை இன்னொருவருக்குச் சொல்ல முடியாது. ‘பாஸ்’ அப்படிப்பட்டதன்று. சாலையோர ஒட்டுக்கடையில் தே தாரிக் என்னும் தேநீரை ஆற்றுபவரை நான் பாஸ் என்கிறேன், அவரும் என்னைப் பாஸ் என்கிறார். 2019இல் முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக், ‘என்’ என்னும் பொருள்தரும் மலாய் விகுதியைச் சேர்த்து ‘போஸ்கு’ என்று அதை அரசியல் முழக்கமாகவே ஆக்கினார்.

இந்த ஆங்கிலச் சொல்லுக்கு, டச்சு மொழியில் எஜமானைக் குறிக்கும் ‘பாஸ்’தான் வேர். நியூ ஆம்ஸ்டர்டாம் என்று தாங்கள் பெயரிட்டிருந்த ஊரை டச்சுக்காரர்கள் 1664இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். அது நியூயார்க் ஆயிற்று, சொல் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. பிற்காலத்தில், அடிமைகளின் வாயில் வழங்கிய ‘மாஸ்டர்’ என்பதைத் தாங்களும் சொல்ல விரும்பாத அமெரிக்க வேலையாட்கள் முதலாளியைக் குறிக்க இதை எடுத்துக்கொண்டார்கள். எஜமான் என்று சொல்லக் கூசியவர்கள், வேற்று மொழியில் அதே எஜமானைத்தான் சொன்னார்கள். தென்னாப்பிரிக்காவிலோ கதை தலைகீழ். நிறவெறி ஆட்சிக் காலத்தில், கறுப்பினத் தொழிலாளி வெள்ளையரை அழைக்க வேண்டிய சொல்லாக அந்த டச்சுப் ‘பாஸ்’ இருந்தது. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள்தாம். பிரித்துக் காட்ட வழியில்லை.

குரலில் பிரிந்துவிடும். சென்ற ஆண்டு முன்பணம் கேட்டு வந்த வங்காளதேசத் தொழிலாளி ஒருவர், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி, என் மேசைக்கு இரண்டடி தள்ளி நின்று ‘பாஸ்’ என்றார். ஒட்டுக்கடையில் கேட்கும் பாஸ் அல்ல அது. சிறுவனாக அப்பாவுடன் தோட்ட அலுவலகத்துக்குப் போன நாளில், படியிலேயே செருப்பை விட்டுவிட்டு அவர் ‘துரை’ என்று அழைத்த குரல். எனக்குக் கூச்சமாகிவிட்டது; அபாங், அதாவது அண்ணன், என்று கூப்பிட்டால் போதும் என்று மலாயில் சொல்லி, மனுவை நிரப்பி மேலாளருக்கு அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துப் பாதித் தொகைக்கே ஒப்புதல் வந்தது. அதை வாங்க வந்தவர் செருப்போடு உள்ளே வந்து, சிரித்தபடி ‘அபாங்’ என்றார். பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டபோது மறுபடியும் பாஸ் ஆகிவிட்டேன்.