கொலுசு லேபிளில் தொலைந்த பூஜ்யம்: என் ப்ராஜெக்ட் வைவா அனுபவம்

பி.சி.ஏ. கடைசி செமஸ்டரில் வகுப்பில் பாதிப் பேர் ஹாஸ்டல், லைப்ரரி என்று ஏதாவது ஒரு 'மேனேஜ்மென்ட் சிஸ்டம்' எடுத்தார்கள். நான் எடுத்தது எக்செல் பட்டியலிலிருந்து பார்கோடு லேபிள் அச்சடிக்கும் வேலை. பெரிய ஆராய்ச்சி ஆர்வமெல்லாம் இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் சித்தப்பா வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்கிறார். சிவதாபுரம், பனங்காடு பக்கத்துப் பட்டறைகளிலிருந்து வரும் கொலுசை ஜோடி ஜோடியாக எடை போட்டு, நூலில் கட்டிய சீட்டில் பேனாவால் எழுதுவார். அவர் எழுதும் 8 அவரைத் தவிர எல்லோருக்கும் 6 மாதிரிதான் தெரியும். "ஏங்கண்ணு, கம்ப்யூட்டர் படிக்கிறியே, இதுக்கு ஒரு வழி பண்ண மாட்டியா?" என்று கேட்டார். சரி, ப்ராஜெக்ட்டும் ஆச்சு, சித்தப்பா வேலையும் ஆச்சு என்று இறங்கினேன்.

இதே மாதிரி தலைப்பு எடுக்க நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். வைவாவில், அதாவது ப்ராஜெக்ட்டுக்கான வாய்மொழித் தேர்வில், என்னிடம் கேட்டவற்றில் பாதி, நான் முதலில் சொதப்பிய இடங்களிலிருந்துதான் வந்தன.

முதல் ரிவ்யூவுக்கு சுலபமான வழியில் போனேன். 'லிப்ரே பார்கோடு 39' என்ற இலவச எழுத்துருவை இறக்கி, எண்ணின் இருபக்கமும் நட்சத்திரக் குறி சேர்த்து, வேர்டில் மெயில் மெர்ஜ், அதாவது எக்செலின் ஒவ்வொரு வரியும் ஒரு லேபிளில் தானாக வந்து உட்காரும் வசதி. ஒரு ஏ4 தாளில் 65 லேபிள், ஒவ்வொன்றும் 38 மி.மீ. அகலம். நான் வைத்த எண் 'கே.எல்.' என்பதன் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒரு ஹைஃபன், 5 இலக்கம், ஆக 8 குறிகள். திரையில் அழகாக இருந்தது. அச்சில் கடைசிக் கோடுகள் பக்கத்து லேபிளுக்குக் குடிபோயிருந்தன.

ஏன் என்று அன்று இரவு கணக்குப் போட்டேன். இந்தக் கணக்கை நீங்களும் கையால் ஒருமுறை போட்டுவிடுங்கள், அப்புறம் எதுவும் பயமில்லை. அந்த எழுத்துரு போடுவது 'கோடு 39' (Code 39) என்ற பார்கோடு வகை. அதில் ஒரு குறிக்குக் கறுப்பும் வெள்ளையுமாக 9 கோடுகள், அதில் 3 தடித்தவை. மெல்லியது 1 அலகு, தடித்தது அதைப் போல 3 மடங்கு என்றால், அடுத்த குறிக்கு முன் விடும் 1 அலகு இடைவெளியையும் சேர்த்து ஒரு குறிக்கு 16 அலகு. நட்சத்திரங்களோடு 10 குறி, 160 அலகு. மெல்லிய கோடு கால் மில்லிமீட்டர் என்றால் 40 மி.மீ. லேபிளோ 38. இதில் இரண்டு ஓரத்திலும் மெல்லிய கோட்டைப் போல 10 மடங்கு வெள்ளை இடம் வேறு விட வேண்டும். அந்த வெள்ளை இல்லாவிட்டால் பார்கோடு எங்கே தொடங்குகிறது என்று ஸ்கேனருக்குத் தெரியாது.

கொலுசில் மாட்டுகிற வால் லேபிள் இன்னும் சின்னது. எங்களுக்குக் கிடைத்ததில் அச்சடிக்க 30 மி.மீ.தான் இடம். அதனால் 'கோடு 128' (Code 128) என்ற இன்னொரு வகைக்கு மாறினேன். அதில் ஒரு குறிக்கு 11 அலகு. அதிலும் 'சி' வகையில் இரண்டு இலக்கம் சேர்ந்து ஒரே குறியாகிவிடும். எழுத்தைத் தூக்கிவிட்டு 8 இலக்க எண்ணாக மாற்றினேன்: முதல் இரண்டு டிசைன், அடுத்த இரண்டு வருஷம், கடைசி நான்கு வரிசை எண். தொடக்கம் 11, நான்கு ஜோடி 44, ஸ்கேனர் சரியாகப் படித்ததா என்று பார்க்க உதவும் சரிபார்ப்புக் குறி 11, முடிவு 13. மொத்தம் 79 அலகு, 20 மி.மீ.கூட இல்லை. வெள்ளை ஓரம் சேர்த்தும் 25-க்குள் அடங்கிவிட்டது. எண்ணை எப்படி அமைக்கிறோம் என்பதிலேயே லேபிளின் அகலம் பாதி முடிவாகிவிடுகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இரண்டாவது ரிவ்யூவில் வேறு கூத்து. ஸ்கேன் செய்தால் 'பீப்' வருகிறது, திரையில் 'பொருள் இல்லை' என்கிறது. ப்ராஜெக்ட் கைடான ஆசிரியர் என்னைப் பார்க்கிறார், நான் ஸ்கேனரைப் பார்க்கிறேன். கடைசியில் பார்த்தால் 05240471 என்று நான் அடித்த எண்ணை எக்செல் 5240471 ஆக்கி வைத்திருக்கிறது. முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு அதனிடம் மரியாதை கிடையாது. தகவலை அடிப்பதற்கு முன்பே அந்தக் காலத்தை (column) 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றுங்கள். அடித்த பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்பி வராது. 13 இலக்க எண் வைப்பவர்களுக்கு இதைவிட மோசம்: சாதாரண வடிவத்தில் அது 8.90E+12 என்ற மாதிரி சுருங்கும், அப்படியே சி.எஸ்.வி. (கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) ஆகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் ஒரேயடியாகப் போய்விடும்.

எடையிலும் ஒரு குழி. செல்லில் 84.35 என்று இருக்கும், மெர்ஜ் செய்த லேபிளில் 84.349999999999994 என்று வரும். கணினி தசமத்தை இரும எண்ணாக வைப்பதால் வருவது அது. பக்கத்தில் இன்னொரு காலம் போட்டு, டெக்ஸ்ட் ஃபங்ஷனில் "0.000" கொடுத்து, அந்தக் காலத்தை மெர்ஜ் செய்தால் 84.350 என்று ஒழுங்காக வரும். தமிழில் டிசைன் பெயர் வைத்தால் சி.எஸ்.வி. யு.டி.எஃப்-8 என்று தேர்ந்து சேமியுங்கள். இல்லையென்றால் முத்துக் கொலுசு முழுக்கக் கேள்விக்குறிக் கொலுசாகிவிடும்.

பிரிண்டர் விஷயம் சுருக்கமாக. 203 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 203 புள்ளி) பிரிண்டரில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. மெல்லிய கோடு முழுப் புள்ளிகளில் இருக்க வேண்டும்; நான் 2 புள்ளி வைத்தேன், அதுதான் அந்தக் கால் மில்லிமீட்டர். பார்கோடை மவுஸால் மூலையைப் பிடித்து இழுத்துச் சிறிதாக்காதீர்கள், கோடுகள் ஒன்றுக்கொன்று தாறுமாறாகும். ஏ4 தாளில் அடிப்பவர்கள் 'ஃபிட் டு பேஜ்' எடுத்துவிட்டு 'ஆக்சுவல் சைஸ்' வையுங்கள். மை ரிப்பன் இல்லாமல் சூட்டிலேயே எழுத்து விழும் வெப்பத்தாள் மலிவுதான், ஆனால் வெயில் படும் ஷோகேஸில் எழுத்து மங்கிவிடும். சித்தப்பா கடை மேற்குப் பார்த்தது, அதனால் ரிப்பன்.

வைவா அன்று எக்ஸ்டர்னலாக, அதாவது வெளியிலிருந்து தேர்வாளராக வந்த மேடம் என் ஸ்லைடைப் பார்க்கவே இல்லை. ஒரு லேபிளைக் கையில் எடுத்து, "இதுல ஏம்மா 890 இல்ல?" என்றார். 890 என்பது ஜி.எஸ்.1 இந்தியா அமைப்பு நிறுவனங்களுக்குக் கொடுக்கும் எண்ணின் தொடக்கம், எங்களுடையது கடைக்குள் மட்டும் புழங்குவது, அதனால் தேவையில்லை என்றேன். "அப்ப 890 இருந்தா இந்தியாவுல செஞ்சதா?" என்று மடக்கினார். இல்லை மேடம், அங்கே பதிவு செய்த நிறுவனம் என்று மட்டும்தான் அர்த்தம். இந்த இடத்தில் நிறையப் பேர் வழுக்குகிறார்கள்.

அடுத்து மேடம், பக்கத்து பெஞ்சு தோழி தீபாவளிக்காகச் சிவப்பில் வடிவமைத்திருந்த லேபிளைக் காட்டி, இது ஏன் படிக்கவில்லை என்று என்னிடமே கேட்டார். ஸ்கேனரின் வெளிச்சம் சிவப்பு. சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் அதற்கு ஒன்றேதான். பதில் தெரிந்தது, சொல்லத்தான் சங்கடமாக இருந்தது.

கடைசியாக போர்டில் சரிபார்ப்புக் குறியைப் போடச் சொன்னார். அதே 05240471. 'சி' வகையின் தொடக்க மதிப்பு 105. அதோடு 5 பெருக்கல் 1, 24 பெருக்கல் 2, 4 பெருக்கல் 3, 71 பெருக்கல் 4. கூட்டினால் 454. 103-ஆல் வகுத்தால் மீதி 42. சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது, விடை சரியாக வந்தது. வரலாறும் கேட்பார்கள் என்று, 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹையோவில் ஒரு சூயிங்கம் பாக்கெட்தான் கடையில் முதலில் ஸ்கேன் ஆனது என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். கேட்கவே இல்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். டெமோவுக்குப் புது ரோல் மாட்டினால் லேபிளின் இடைவெளியைப் பிரிண்டருக்குக் கற்றுக்கொடுக்கும் காலிப்ரேஷனை முதலிலேயே முடித்துவிடுங்கள். நான் மறந்ததில் நாலு லேபிள் வெறுமையாக வந்தது. மேடம் அதையும் எடுத்து, "இதுல என்ன எடை?" என்று சிரித்தார்.