ஜூனியர் நீச்சல் சாம்பியன்ஷிப்ல கூடை தூக்கின அனுபவம்

2025ல வேர்ல்ட் அக்வாட்டிக்ஸ் சாம்பியன்ஷிப் இங்க சிங்கப்பூர்ல நடந்ததுல இருந்து நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க, இந்த மாதிரி போட்டிக்கெல்லாம் வாலண்டியரா எப்படிப் போறது, நீச்சல் தெரியணுமா, வயசு பாப்பாங்களான்னு. அந்தப் போட்டிக்கு நான் போகல. ஆனா 2015 ஆகஸ்ட்ல காலாங் ஓசிபிசி அக்வாட்டிக் சென்டர்ல வேர்ல்ட் ஜூனியர் சாம்பியன்ஷிப் நடந்தப்போ முழுசா இருந்தேன், அதை எழுதிடறேன், எல்லாருக்கும் ஒரே பதிலாப் போயிடும்.

நீச்சல் தெரியவே வேண்டாம். எனக்கு இன்னிக்கும் கழுத்தளவு தண்ணின்னாலே கால் தேடும். ஆன்லைன்ல ஃபார்ம் ரொப்பினேன், அப்புறம் கூப்பிட்டு பேசினாங்க, அதுல அவங்க குடைஞ்சு குடைஞ்சு கேட்டது ரெண்டே விஷயம்தான், ரொம்ப நேரம் நிக்க முடியுமா, சொன்ன நாளுக்கு கண்டிப்பா வருவியா. போட்டி செவ்வாய்க்கிழமை ஆரம்பிச்சு ஞாயிறு வரைக்கும், 25ல இருந்து 30, அதனால ஆபீஸ்ல லீவு கையெழுத்து வாங்கினதுக்கு அப்புறம்தான் சரின்னேன். பிறகு டிரெய்னிங், டி-ஷர்ட், கழுத்துல தொங்கப்போடற பாஸ். அந்தப் பாஸ்ல எந்த ஏரியாவுக்குள்ள போலாம்னு நம்பர் போட்டிருக்கும், அது இல்லாத கதவுகிட்ட போனா எவ்வளவு சிரிச்சாலும் செக்யூரிட்டி அண்ணன் விடமாட்டார்.

எனக்குப் போட்டது கால் ரூம் (call room, ரேசுக்கு முன்னாடி கூப்பிட்டு உக்கார வெக்கற இடம்). டிவில பாக்கறவங்களுக்கு இப்படி ஒரு ரூம் இருக்கறதே தெரியாது. ரேசுக்கு கிட்டத்தட்ட இருபது நிமிஷம் முன்னாடி எல்லாரும் இங்க வந்து பேர் குடுக்கணும், அப்புறம் லேன் வரிசைப்படி நாற்காலில உக்காரணும், அங்கிருந்து வரிசையா பூல் பக்கம் கூட்டிட்டுப் போவாங்க. பேர் சரிபார்க்கறது, டிரெஸ் செக் பண்றதெல்லாம் அபிஷியல்ஸ் வேலை, நம்ம வேலை கதவு, நாற்காலி, தண்ணி பாட்டில், அப்புறம் கூடை. டிரெஸ் செக்னா சும்மா இல்ல, அந்த இறுக்கமான ரேசிங் சூட்ல ஃபினா அங்கீகாரம் குடுத்த அடையாளம் இருக்கணும் (உலக நீச்சல் சம்மேளனம், அப்போ ஃபினா, இப்போ பேர் மாத்தி வேர்ல்ட் அக்வாட்டிக்ஸ்), பசங்களுக்கு தொப்புளுக்கு மேல ஏறக்கூடாது, முட்டிக்கு கீழ இறங்கக்கூடாது, ஸ்பான்சர் லோகோ அளவு மீறக்கூடாது, உடம்புல டேப் ஒட்டியிருந்தா அதுக்கும் கேள்வி வரும்.

அந்த சூட்டைப் போடறதே ஒரு போராட்டம். இன்ச் இன்ச்சா ஏத்தணும், கால் மணி நேரம் ஆகும், நகம் பட்டா கிழியும். ஒரு பையனுக்கு கால் ரூம்ல உக்காந்து குனியறப்போ பின்னாடி டர்ர்னு கேட்டுச்சு. எந்த நாடுன்னு சொல்ல வேண்டாம். அவன் முகத்தைப் பாக்கணுமே, அழல, கத்தல, அப்படியே உறைஞ்சு போயிட்டான், டீம்ல யாரோ ஸ்பேர் சூட்டை எடுத்துட்டு ஓடி வந்தாங்க, ரெண்டு பேரா இழுத்து ஏத்தி விட்டாங்க, வரிசை கிளம்பறதுக்கும் அவன் கடைசி இழுப்பு இழுக்கறதுக்கும் சரியா இருந்துச்சு. நீந்தி முடிச்சுட்டு வந்து கிழிஞ்ச சூட்டைத் தேடினான், அதுக்குத்தான் கோச் திட்டுவாராம்.

இந்தப் போட்டில பொண்ணுங்க 14ல இருந்து 17, பசங்க 15ல இருந்து 18. 2006ல ரியோல ஆரம்பிச்சது, இங்க நடந்தது அஞ்சாவது. வயசைப் படிச்சப்போ ஏதோ ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேன்னு நினைச்சுட்டேன், உள்ள போனா ஆறடிக்கு மேல வளர்ந்த பிள்ளைங்க, தொடையையும் நெஞ்சையும் கையால பளார் பளார்னு அடிச்சு சிவக்க வெச்சுக்கறாங்க. ஏசி குளிருக்கு அவ்வளவு பெரிய ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு உள்ள கால் மட்டும் தடதடன்னு ஆடும். யாரும் யாரையும் பாக்கமாட்டாங்க. ஹெட்போன், சுவரு, தரை, அவ்வளவுதான்.

எனக்கு மனசுல நின்னது ஜெயிச்சவங்க இல்ல, ரிசர்வ். ஃபைனலுக்கு எட்டுப் பேர், அதுக்கு அடுத்த ரெண்டு பேர் ரிசர்வ், யாராவது வரலைன்னா உள்ள போகணும். ஒரு பொண்ணு சூட், கேப், காகிள்ஸ் எல்லாம் போட்டு முழு ரெடியா சுவரோரமா நின்னா. கதவு திறக்கறப்பல்லாம் அவ தலை திரும்பும். ஏழு பேர் வந்தாச்சு, எட்டாவது ஆள் கொஞ்சம் லேட், இவ காகிள்ஸை இறக்கிட்டா. அப்புறம் எட்டாவது பொண்ணும் வந்துட்டா. இவ கேப்பைக் கழட்டி, போறவங்களுக்கு ஒரு தடவை கை தட்டிட்டு கிளம்பிட்டா. அந்தப் பத்து நிமிஷத்துக்காக கால் மணி நேரம் சூட் ஏத்தியிருப்பா, அதை யார் எழுதப் போறாங்க?

கூடை விஷயத்துக்கு வரேன். ஒவ்வொரு லேனுக்குப் பின்னாடியும் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதுல ஜாக்கெட், செருப்பு, ஹெட்போன் எல்லாம் போடுவாங்க. ரெஃப்ரி சின்னச் சின்னதா விசில் அடிச்சா மேல இருக்கறதைக் கழட்டணும்னு அர்த்தம், நீளமா ஒரு விசில் வந்தா பிளாக் (குதிக்கற மேடை) மேல ஏறணும். அப்போ நம்ம அசையவே கூடாது, மூக்கு அரிச்சாலும் நிக்கணும். பீப் கேட்டு எட்டுப் பேரும் தண்ணிக்குள்ள போனதும் கூடையைத் தூக்கிட்டு வரிசையா வெளியேறணும், அவங்க நீந்தி முடிச்சு வர்ற பக்கம் கொண்டுபோய் லேன் மாறாம வைக்கணும். 50 மீட்டர் ரேஸ்னா சுமாரா அரை நிமிஷம்தான், அதனால வேகமா நடக்கணும் ஆனா ஓடக்கூடாது, தரை ஈரம். 1500 மீட்டர்தான் நமக்கு சொர்க்கம், கால் மணி நேரம் நிம்மதி.

மிக்ஸ்ட் ரிலே அன்னிக்குத்தான் ரூமே சந்தை. ஒரு டீமுக்கு ரெண்டு பசங்க ரெண்டு பொண்ணுங்க, எட்டு டீம், மொத்தம் முப்பத்திரண்டு பேர், எழுதிக் குடுத்த வரிசை மாறி நீந்தினா டீமே அவுட், அதனால அபிஷியல்ஸ் திரும்பத் திரும்ப எண்ணுவாங்க. ஆனா எல்லாரும் சிரிச்சுப் பேசினதும் அந்த ஈவண்ட்லதான், தனியா இல்லேங்கற தைரியம் போல.

எங்க சிங்கப்பூர் நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங் அதே மாசம்தான் ரஷ்யாவோட கசான்ல நடந்த வேர்ல்ட் சாம்பியன்ஷிப்ல 100 மீட்டர் பட்டர்ஃப்ளைல வெண்கலம் வாங்கியிருந்தாரு, அதனால கோப்பிக் கடை வரைக்கும் நீச்சல் பேச்சுதான். இங்க ஆஸ்திரேலியாவோட கைல் சால்மர்ஸ் 100 ஃப்ரீஸ்டைல் ஜெயிச்சாரு, 17 வயசு, அடுத்த வருஷமே ரியோ ஒலிம்பிக்ஸ்ல அதே ரேஸ்ல 47.58ல தங்கம். ஜப்பானோட ரிகாகோ இகே 15 வயசுல இங்க பட்டர்ஃப்ளைல தங்கம் வாங்கினாங்க, 2018 ஏசியன் கேம்ஸ்ல ஆறு தங்கம், அப்புறம் லுகேமியா (ரத்தப் புற்றுநோய்) வந்து, அதுல இருந்து மீண்டு டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல நீந்தினாங்க. இதெல்லாம் அப்போ யாருக்குத் தெரியும், எனக்கு அவங்கல்லாம் லேன் நம்பர்தான்.

போறதா இருந்தா சிலது கவனிங்க. வழுக்காத ஷூ, உள்ள போட ஒரு ஜாக்கெட், அப்புறம் போன் வெளிய எடுக்கவே எடுக்காதீங்க, எல்லாம் மைனர் பிள்ளைங்க, அதுல அவங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட், அது சரியும்கூட. வயசெல்லாம் பாக்கல, எங்க ஷிஃப்ட்ல ரிட்டையர் ஆன ஆண்ட்டி ஒருத்தங்கதான் எல்லாரையும் விட சுறுசுறுப்பு. ஃபைனல் செஷன் வேணும்னு எல்லாரும் அடிச்சுக்குவாங்க, என்னைக் கேட்டா காலைல நடக்கற ஹீட்ஸை, அதாவது தகுதிச் சுற்றைக் கேளுங்க. கூடை அதிகம், முதுகு வலிக்கும், ஆனா பேரே கேள்விப்படாத நாட்டுப் பிள்ளைங்க எல்லாம் வர்றது அப்பதான், சாயங்காலம் வந்தா அதுல பாதிப் பேர் ஸ்டாண்ட்ல உக்காந்து கைதட்டிட்டு இருப்பாங்க.