தண்ணீர் நிற்கும் மண்ணில் பழ மரங்கள்: பட்டர்வொர்த் தோட்டக் குறிப்பு

மலேசியாவின் பினாங்கில் இருக்கும் எங்கள் பட்டர்வொர்த் பக்கம் களிமண் பூமி, கடல் மட்டத்தைவிடப் பெரிதாக உயரமும் இல்லை. அக்டோபர், நவம்பர் மழையும் கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டால் லோங்காங் (வடிகால்) தண்ணீர் வடியாமல் திரும்பித் தோட்டத்துக்கே வந்துவிடும். 2017 நவம்பர் வெள்ளத்தை விடுங்கள், நான் சொல்வது சாதாரண வருஷத்தில் சில நாள் கணுக்கால் அளவுக்கு நிற்கும் தண்ணீர். அதில் எது பிழைக்கிறது என்று பார்க்கவே வீட்டோர நிலத்தில் கண்டதையும் நட்டு வைத்திருக்கிறேன்.

முதலில் போவது பப்பாளி. இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே இலை தொங்கிவிடும், பாவம் தாகமாக இருக்கிறது என்று இன்னும் ஊற்றுகிறவர்களும் உண்டு! பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாகி, தோல் விரலோடு உரிந்து வரும், அழுகின முட்டை நாற்றம் வேறு. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும், நம் ஊர்ச் சூட்டுக்கு மண்ணில் மிச்சமிருப்பதையும் வேரும் நுண்ணுயிரும் சீக்கிரமே தீர்த்துவிடும். அப்புறம் வேர் நீரை உறிஞ்சாது, மரம் தண்ணீரில் நின்றுகொண்டே வாடும். அவகாடோவும் டுரியானும் இதே ரகம், அதோடு ஈர மண்ணில் ஃபைட்டாப்தோரா என்ற நுண்ணுயிரால் வரும் வேர் அழுகலும் சேர்ந்துகொள்ளும். பினாங்குத் தீவின் பாலிக் பூலாவில் டுரியான் மலைச்சரிவில் நன்றாக வருகிறது என்றால் சும்மா இல்லை.

மாமரம்தான் எனக்கு ஆச்சரியம். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, அடிமரப் பட்டையில் வெள்ளையாகப் பொரிப்பொரியாகப் புடைத்து வந்தது, தொட்டால் பஞ்சு மாதிரி இருக்கிறது. நோய் என்று மருந்து அடிக்காதீர்கள், அது மரம் காற்று வாங்கத் திறக்கும் பட்டைத்துளை. இந்தப் புடைப்பு வராத மாங்கன்றுகள்தான் பெரும்பாலும் சாகின்றன. கொய்யாவும் ஜம்புவும் தண்ணீரைக் கண்டுகொள்வதே இல்லை, சிக்குவும் (சப்போட்டா) பரவாயில்லை.

இப்போது ஓடுவது முள்சீத்தா சோதனை. சொந்த வேரில் அது தண்ணீர் தாங்காது, ஆனால் சதுப்பிலேயே வளரும் அன்னோனா கிளாப்ரா அதற்குச் சித்தப்பா பிள்ளை. வியட்நாமில் மேகோங் கழிமுகத்துக்காரர்கள் இதை அடிச்செடியாக (வேர்ப்பாகமாக) வைத்துத்தான் முள்சீத்தாவை ஒட்டுக் கட்டுகிறார்கள். தெரிந்தவர் ஒருவரின் குட்டையோரம் நின்றதிலிருந்து விதை வாங்கி முளைக்கவைத்து, தண்டு பென்சில் கனம் வந்ததும் பிளவு ஒட்டு போட்டேன். ஒட்டை வெள்ள மட்டத்துக்கு நல்ல உயரத்தில் வைக்க வேண்டும், முள்சீத்தா பாகம் தண்ணீரில் நின்றால் பிரயோஜனமில்லை. போன மழையில் தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு வைத்தேன், ஒட்டுக் கன்று இலை மாறாமல் நின்றது, பக்கத்தில் சொந்த வேர்க் கன்று மஞ்சளாகி இலை கொட்டிவிட்டது. இரண்டும் ஒரே விதை வயது, ஆகவே சும்மா அதிர்ஷ்டம் என்று தோன்றவில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஆஸ்திரேலியாவுக்கு 1912 வாக்கில் சீத்தாவுக்கு அடிச்செடியாகப் போன கிளாப்ரா, குயின்ஸ்லாந்து சதுப்புகளில் இன்று பெரிய களை, விதை மிதந்து போய் முளைக்கும். அதனால் ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் உடனே கிள்ளிவிடுகிறேன். அடுத்த மழைக்குள் ஒட்டுக் கன்றைத் தொட்டியிலிருந்து மாற்றி, லோங்காங் ஓரத்தின் தாழ்வான மூலையில் மேடு கட்டாமலேயே நடப்போகிறேன்.