ஏ பக்கம் அப்பாவுக்கு, பி பக்கம் எனக்கு

போன ஞாயிறு எங்கட வீட்டில நத்தார் கேக்குக்குப் பழம் வெட்டுற நாள். கொழும்பில கொட்டாஞ்சேனைப் பக்கம் இருக்கிற ஆக்களுக்குத் தெரியும், இது ஒரு ஆள் செய்து முடிக்கிற வேலை இல்லை. கஜூ, சுல்தானா, செர்ரி, இஞ்சிப் பாகு, புஹுல் தோசி (சீனிப் பாகில போட்ட நீத்துப்பூசணி) எண்டு எல்லாத்தையும் பொடிப்பொடியா வெட்டி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் மேசையை விட்டு எழும்பேலாது, கையெல்லாம் பிசுபிசுக்கும், போனைத் தொடவும் ஏலாது. அதால முதலே பாட்டைப் போட்டிட்டுத்தான் கத்தியைத் தூக்கவேணும், போட்டாப் போட்டதுதான், மாத்த வழியில்லை. சண்டை தொடங்கிறதே அதிலதான்.

மகளுக்குப் பதினைஞ்சு வயசு. ஸ்பீக்கர் அவளின்ர, அதால ஆட்சியும் அவளின்ர. மரியா கேரியின்ர 'ஓல் ஐ வோன்ட் ஃபோர் கிறிஸ்மஸ்' பாட்டைப் போட்டிட்டு வந்து இருந்தாள். அப்பா சாய்மனைக் கதிரையில இருந்து கஜூ பிளந்துகொண்டு இருந்தவர் (பிளக்கிறதில பாதி அவற்ற வாய்க்குத்தான் போகும்), அந்த மெதுவான தொடக்கம் முடிஞ்சு ட்ரம்ஸ் வந்த உடனே நிமிந்து பாத்தார். "பிள்ளை, ஆரும் அந்தப் பெட்டைக்கு அடிச்சவையோ, ஏன் இப்பிடிக் குழறுறாள்?"

நான் நடுவில பூந்து பொனி எம் டிஸ்கோக் குழுவின்ர பாட்டைப் போடுவம் எண்டு சொன்னன். மகள் என்னைப் பாத்த பார்வை இருக்கே. "அப்பா, அது கல்யாண வீட்டில மாமாமார் ஆடுற பாட்டு." அப்ப அப்பாவுக்கு வாய்ப்பு வந்திட்டுது, ஜிம் ரீவ்ஸைப் போடு எண்டார். "அப்பப்பா, அந்த ஆள் பாடினா எனக்கு நித்திரை வருது." "வரட்டும் குஞ்சு, பாலன் பிறந்தது இரவிலதானே."

வருசத்தில மற்ற பதினொரு மாசமும் எங்கட வீட்டில இந்தக் கரைச்சல் இல்லை. அப்பா ரி.எம்.சௌந்தரராஜன், கொஞ்சம் உசார் எண்டா சிலோன் மனோகரன். நான் இளையராஜாவோட வளந்து 1992இல ரோஜா வந்த நேரம் ரஹ்மான் பக்கம் தாவின ஆள். மகள் அனிருத்தும் கொரியாப் பொடியங்களும். ஆளுக்கு ஒரு காதுமாட்டி, வீடு அமைதி. டிசம்பரில மட்டும் ஒரே ஸ்பீக்கர், எல்லாருக்கும் சேத்து.

அப்பாவின்ர ஜிம் ரீவ்ஸ் பைத்தியம் அவருக்கு மட்டும் உள்ளதில்லை, அந்த வயசு கொழும்பு ஆக்களில நிறையப் பேருக்கு இருக்கு. டெக்சஸ்காரன் ஒருத்தன் எப்பிடி எங்கட ஒழுங்கை வரைக்கும் வந்தான் எண்டு நான் யோசிச்சிருக்கிறன். என்ர கணிப்பு, அந்தாள் மைக்குக்குக் கிட்ட நிண்டு, தாழ்ந்த குரலில, ஒவ்வொரு சொல்லா விளங்கப் பாடினதுதான் காரணம். பள்ளிக்கூடத்தில இங்கிலீஷ் படிச்ச பொடியனுக்கு முதல்தரம் றேடியோவில ஒரு இங்கிலீஷ் பாட்டு முழுசா விளங்கினா அவன் பிறகு அந்தாளை விடுவானோ. 1963இல பன்ரண்டு நத்தார் பாட்டோட ஒரு இசைத்தட்டுப் போட்டவர், அடுத்த வருசம் யூலை 31ஆம் திகதி தானே ஓட்டின சின்னப் பிளேன் விழுந்து செத்துப்போனார். அப்பாவுக்கு அப்ப பதினேழு வயசு. எழுபத்தெட்டு வயசிலயும் அந்தச் செய்தியை நேற்று நடந்தது மாதிரித்தான் சொல்லுவார்.

இனி கசெற் கதைக்கு வாறன், ஏனெண்டா எங்கட வீட்டுச் சண்டையின்ர சரித்திரமே அதிலதான் இருக்கு.

1989 எண்டு நினைக்கிறன், எனக்குப் பதினொரு வயசு. அந்தக் காலத்தில ரெக்கோர்டிங் பாருக்கு ஒரு வெறும் கசெற்றும் ஒரு துண்டில பாட்டு லிஸ்ட்டும் குடுத்தா ரெண்டு மூண்டு நாளில பதிஞ்சு தருவாங்கள். அப்பாட்ட ஒரு கசெற்றுக்குத்தான் காசு. ரீடிகே 60, பக்கத்துக்கு அரை மணித்தியாலம். நான் அழுத அழுகைக்குக் கடைசியா ஒரு ஒப்பந்தம்: ஏ பக்கம் அப்பாவுக்கு, பி பக்கம் எனக்கு. அப்பா வடிவான கையெழுத்தில ஜிம் ரீவ்ஸ் எழுதினார். நான் பொனி எம் எழுதினன். அதில பாபிலோன் ஆறுகள் பாட்டையும் சேத்தன், அது நத்தார்ப் பாட்டில்லையே எண்டு அப்பா கேட்டதுக்கு, அது 137ஆம் சங்கீதம் அப்பா எண்டு சொல்லித் தப்பினன். உண்மைதான், அந்தப் பாட்டுக்குச் சொல் வந்தது அந்தச் சங்கீதத்திலயிருந்துதான். ஆரோ அண்ணா சொல்லித் தந்த தந்திரம்.

கசெற் வந்த பிறகுதான் பாத்தம், ரெண்டு பக்கத்திலயும் ஒரே பாட்டு இருக்கு. 'மேரிஸ் போய் சைல்ட்'. ஏ பக்கத்தில ஜிம் ரீவ்ஸ் தாலாட்டு மாதிரிப் பாடுறார், பி பக்கத்தில பொனி எம் அதையே டிஸ்கோவாக்கி, பின்னுக்கு இன்னொரு பாட்டையும் ஒட்டி ஓடுது. அப்பாவுக்கு வந்த கோவம்! மாதாவின்ர பிள்ளையை வைச்சு ஆட்டம் போடுறாங்களாம். 1978இல பிரிட்டனில அந்த நத்தாருக்கு முதலாம் இடம் எண்டு பிறகு நான் எங்கயோ வாசிச்சுச் சொன்னதுக்கும் அசையேல்ல. எங்கட ரெண்டு பேருக்கும் அப்ப தெரியாதது, அப்பாவின்ர ஆள் பாடினதும் மூலப் பாட்டில்லை. அவருக்கு முதலே 1956இல ஹரி பெலஃபொன்டே பாடியிட்டார். இதை ரெண்டு வருசத்துக்கு முதல் யூடியூப்பில போட்டுக் காட்டினன். அப்பா கண்ணை மூடிக் கேட்டிட்டு, "இவனும் பரவாயில்லை" எண்டார். தோல்வி எண்டதை அப்பா அப்பிடித்தான் சொல்லுவார்.

எனக்கும் விழுந்த அடி ஒண்டு இருக்கு. பொனி எம்மில அந்தப் பாய்ஞ்சு பாய்ஞ்சு ஆடுற மனுசன், பொபி ஃபரல், அவற்ற குரல் எண்டு நான் நினைச்சுக்கொண்டிருந்தது அவற்ற குரலே இல்லையாம். ஸ்டூடியோவில பாடினது அந்தக் குழுவை உருவாக்கின ஃபிராங்க் ஃபாரியன். இதை அப்பாட்டச் சொல்லியிருக்கக் கூடாது. மூண்டு நத்தாரா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார், "என்ர ஆள் செத்தும் பாடுறான், உன்ர ஆள் உயிரோட இருக்கேக்கயே பாடேல்ல."

கசெற்றில ஒரு காயமும் இருக்கு. ஒருநாள் அவசரத்தில நான் பிளேயர் நிக்க முதலே கசெற்றை இழுத்து எடுத்து, நாடா உள்ள சிக்கி, ஒரு சாண் நீளத்துக்குக் கசங்கிப் போச்சு. ஜிம் ரீவ்ஸ் பாடிக்கொண்டு போகேக்க அந்த இடத்தில குரல் அப்பிடியே கிணத்துக்குள்ள இறங்கி ஏறும். அப்பா அடிக்கேல்ல, ரெண்டு நாள் கதைக்கேல்ல. ஆனா அவருக்கு ஒரு ஆறுதல் கிடைச்சுது. நாடா ஒண்டுதானே, அகலத்தில ஒரு பாதி ஏ பக்கம், மற்றப் பாதி பி பக்கம், அதால கசங்கல் ரெண்டு பேருக்கும் சமன். பி பக்கத்தில அந்த இடம் வந்து விழுந்தது சரியா என்ர சங்கீதத்துக்கு நடுவில. அந்தப் பாபிலோன் ஆத்தில ஒருக்கா எல்லாரும் முங்கி எழும்புவினம். இண்டைக்கும் போனில அதே பாட்டைத் துப்புரவாக் கேக்கேக்க அந்த இடம் வர நான் முங்கக் காத்துக்கொண்டிருப்பன், பாட்டு நேராப் போயிடும், எனக்கு என்னவோ மாதிரி இருக்கும்.

இந்தச் சண்டை வீட்டில மட்டும் எண்டு நினைக்காதேங்கோ. எங்கட கோயில் பாடகர் குழுவில போன வருசம் கரோல் ஒத்திகையில பொடியள் கிற்றாரும் பெட்டித் தாளமும் கொண்டு வர, முன் வரிசை அன்ரி ஒராள் பாட்டுப் புத்தகத்தை மூடி வைச்சிட்டா. 'சைலன்ட் நைட்'டைக் கிற்றாரில பாடுறதோ, ஓர்கன் இல்லாட்டித் தான் பாடமாட்டாவாம். நான் சும்மா இருந்திருக்கலாம், வாய் விடேல்ல. அன்ரி, அந்தப் பாட்டை 1818இல நத்தார் முதல்நாள் இரவு ஒஸ்ரியாவில ஓபர்ண்டோர்ஃப் எண்ட ஊர்க் கோயிலில முதல்தரம் பாடினதே கிற்றாரோடதான், மோர் எண்ட குருவானவர்தான் வாசிச்சவர், மெட்டுப் போட்டது குரூபர் எண்ட வாத்தியார், எண்டு ஒரே மூச்சில சொன்னன். அன்ரி என்னை மேலயும் கீழயும் பாத்திட்டு, "அது ஒஸ்ரியாவில மகன், இது கொட்டாஞ்சேனை" எண்டா. ஓர்கனோடதான் பாடினம்.

அந்த அன்ரியும் பொடியளும் ஒத்துப்போற பாட்டு ஒண்டே ஒண்டுதான், 'பக்தரே வாரும்'. எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான். என்ர மனுசி மெதடிஸ்த வீட்டுப் பிள்ளை, அவ சின்னனில இருந்து தமிழிலதான் பாடுறவ. நான் பள்ளிக்கூடத்து ஒளிவிழாவில இங்கிலீஷில பாடினனான். அப்பா பீடப் பணியாளனா நிண்ட காலம் பூசையே லத்தீனில, அதால அவருக்கு அது இண்டைக்கும் 'அடெஸ்தே ஃபிடேலெஸ்'. மூண்டு பேரும் மூண்டு பாசையில ஒரே நேரம் பாடத் தொடங்கினா மகள் காதைப் பொத்திக்கொண்டு மெட்டை மட்டும் முணுமுணுப்பாள்.

சரி, மகளின்ர பக்கத்துக்கு வாறன், அவளை நான் கிழவியாக்கினது அண்டைக்கு அந்தப் பழ மேசையிலதான். "உங்கட எல்லாம் பழைய பாட்டு, என்ரதுதான் புதுசு" எண்டு அவள் சொல்ல, நான் கேட்டன், மரியா கேரி அந்தப் பாட்டை எப்ப பாடினவ? 1994. அவள் பிறக்க எத்தனையோ வருசத்துக்கு முதல், நான் ஓ.எல். சோதனை எடுத்த காலம். அமெரிக்கப் பில்போர்ட் பட்டியலில அது முதலாம் இடத்துக்கு வந்தது 2019 டிசம்பரில, இருபத்தைஞ்சு வருசம் கழிச்சு. அவளின்ர லிஸ்ட்டில அடுத்தது 'லாஸ்ட் கிறிஸ்மஸ்', அது 1984. வந்த வருசம் பிரிட்டனில ரெண்டாம் இடத்தோட நிண்டு போச்சு, 2021 ஜனவரியிலதான் மேல ஏறினது. அதுக்குள்ள பாடின ஜோர்ஜ் மைக்கலே இல்லை, மனுசன் செத்ததும் 2016 டிசம்பர் 25, நத்தார் அண்டே. முந்தி இசைத்தட்டை ஒருக்கா வாங்கினா அந்த ஒரு விற்பனையோட கணக்கு முடிஞ்சுது, பிறகு நீங்க ஆயிரம் தரம் கேட்டாலும் ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப ஒவ்வொரு டிசம்பரும் போனில கேக்கிற ஒவ்வொரு தரமும் எண்ணுப்படுது, அதுதான் கிழட்டுப் பாட்டுகள் வருசா வருசம் ஏணியில ஏறுது.

மகள் கொஞ்ச நேரம் கதைக்கேல்ல. பிறகு, "அப்ப எனக்கெண்டு ஒரு நத்தார்ப் பாட்டும் இல்லையா?" எண்டு கேட்டாள். அந்தக் கேள்வியை நான் யோசிச்சுப் பாத்தன். எனக்கும் இல்லையே. பொனி எம் அந்தப் பாட்டைப் பாடின வருசம் நான் தொட்டிலில. மற்ற மாசமெல்லாம் ஆளாளுக்குத் தங்கட வயசுப் பாட்டு, டிசம்பரில மட்டும் முன்னால இருந்தவை விட்டிட்டுப் போனதுதான். அதிலயும் பாருங்கோ, இந்த வெக்கையில மின்விசிறிக்குக் கீழ வேர்வையைத் துடைச்சுக்கொண்டு பனி கொட்டுற பாட்டுக் கேக்கிற சனம் நாங்கள். வாழ்க்கையில பனியைக் கண்ணால காணாத என்ர அப்பா 'வைட் கிறிஸ்மஸ்' கேட்டுக் கண் கலங்குவார். ஒரு பாட்டு எந்த ஊருக்குச் சொந்தம் எண்டதெல்லாம் சும்மா கதை, மகள் சின்னனில பேத்தோவனின்ர 'ஃபியூர் எலிசை'யே பாண்காரன்ர பாட்டு எண்டுதான் நினைச்சவள், ஒழுங்கைக்குள்ள பாண் விக்க வாற சூன் பாண் ஆட்டோ அதைத்தானே போட்டுக்கொண்டு வரும்.

2019 நத்தார் மட்டும் ஒரு சண்டையும் நடக்கேல்ல. ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு வந்த நத்தார், குண்டு வெடிச்ச கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஒழுங்கைக்குக் கரோல் வரேல்ல. அப்பா கசெற்றைச் சத்தம் குறைச்சுப் போட்டவர், ஏ பக்கம் முடிஞ்ச பிறகும் ஒருத்தரும் எழும்பித் திருப்பிப் போடேல்ல.

2022 கரண்ட் கட்டோட பிளேயரும் மவுனமாப் போச்சு. மூண்டு வருசம் அலுமாரிக்கு மேல கிடந்தது. பழம் வெட்டின அடுத்த நாள் மகள்தான் கேட்டாள், அந்தக் கிணத்துக்குள்ள விழுற இடத்தைத் தனக்குக் கேக்கவேணுமாம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனன். நாலு கடை சிரிச்சாங்கள். அஞ்சாவது கடையில ஒரு வயசான நானா மூடியைக் கழட்டிப் பாத்தார், ரப்பர் பெல்ட் பாகு மாதிரி உருகி ஒட்டிக் கிடந்தது. "தம்பி, இதையெல்லாம் இன்னமும் வெச்சிருக்கீங்களா?" எண்டு கேட்டுக்கொண்டே ஆணியில கொழுவியிருந்த ரப்பர் வளையக் கொத்தில ஒண்டொண்டா இழுத்துப் பாத்து ஒண்டைப் போட்டுத் தந்தார்.

வீட்டில கொண்டுவந்து போட்டா ஜிம் ரீவ்ஸ் ஓடுறார். பழைய பெல்ட் தளந்து வழுக்க வழுக்க, மெதுவாகுது எண்டு நான்தான் ஒருகாலம் மோட்டருக்குப் பின்னால இருக்கிற சின்னத் திருகாணியைத் திருகி வேகத்தைக் கூட்டி வைச்சனான், இப்ப புதுப் பெல்ட் இறுக்கிப் பிடிக்க மனுசன் இருபது வயசுப் பொடியன் மாதிரிக் கீச்சுக் குரலில பாடுறார். கிணத்துக்குள்ள விழுற இடத்தில விழுந்து, விழுந்த வேகத்தில ஏறியும் வந்திட்டார். மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள், "அப்பப்பா, இப்ப இதுக்கு ஆடலாம்." நான் சின்ன ஸ்குரூடிரைவரோட பின்பக்கம் கை வைக்கப் போக, அப்பா கையைப் பிடிச்சிட்டார்.

"தொடாத. இவ்வளவு நாளும் களைச்சுப் போய்ப் பாடினவன், இப்பதான் சாப்பிட்டிட்டுப் பாடுறான். அது கிடக்க, திருப்பிப் போடு பாப்பம். உன்ர ஆக்கள் என்ன ஓட்டம் ஓடுகினம் எண்டு கேப்பம்."