இன்னைக்கு பாமாயில் என்ன ரேட்டு?

கடலூர் திருப்பாப்புலியூரில் (எழுத்தில் திருப்பாதிரிப்புலியூர்) ஒரு மொத்த எண்ணெய்க் கடையில் கணக்கெழுதச் சேர்ந்தபோது, எனக்குத் தெரிந்த எண்ணெய் மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய் ஒன்றுதான். விருத்தாசலம் பக்கம் எங்கள் ஊரில் மற்றதை எல்லாம் எண்ணெய்க் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். கடைக்குள் வந்து பார்த்தால் அடுக்கியிருந்த பதினைந்து கிலோ டின்களில் பாதிக்கு மேல் பாமாயில், மீதியில் பெரும்பங்கு சூரியகாந்தி. ஒன்று இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருகிறது. இன்னொன்று ரஷ்யா, உக்ரைன், அர்ஜென்டினாவிலிருந்து. ஒரு காலத்தில் பக்கத்துப் புதுச்சேரியிலிருந்து மல்லாட்டை கப்பலேறி பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போயிருக்கிறது. இப்போது கப்பல் எதிர்த்திசையில் வருகிறது, அவ்வளவுதான்.

முதல் சில வருடங்கள் இதையெல்லாம் யோசித்ததில்லை. டேங்கர் எங்கிருந்து வந்தால் எனக்கென்ன, பில் சரியாக இருந்தால் போதும் என்றிருந்தேன். 2022 பிப்ரவரி 24, வியாழக்கிழமை. காலையில் வந்த ஒரு பார்ட்டிக்கு முந்தின நாள் ரேட்டிலேயே நாற்பது டின் சூரியகாந்தி பில் போட்டுவிட்டேன். பத்தரை மணி வாக்கில் சென்னை புரோக்கர் போன் செய்தார்: "ரேட்டு கேக்காதீங்க, சரக்கே கிடையாது." உக்ரைனில் சண்டை தொடங்கிவிட்டது. நமக்கு வந்துகொண்டிருந்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு அங்கிருந்துதான். முதலாளி திட்டவில்லை. பில் புத்தகத்தைத் திருப்பி அந்தப் பக்கத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

அந்தச் சூடு ஆறுவதற்குள் ஏப்ரலில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. 28-ம் தேதியிலிருந்து தடை. இந்த முறை ஏமாறக் கூடாது என்று நானே சொல்லி, உச்ச விலையில் சரக்கை வாங்கி அடுக்க வைத்தேன். மே 23-ல் தடையை எடுத்துவிட்டார்கள். ஜூலைக்குள் உலகச் சந்தையில் பாமாயில் விலை மார்ச் உச்சத்திலிருந்து ஏறக்குறைய பாதியானது. குடோனில் எங்கள் டின்கள் அப்படியே நின்றன. அதற்கப்புறம்தான் கப்பல் செய்தி படிக்க ஆரம்பித்தேன்.

படித்துப் படித்து ஒன்று புரிந்தது. இறக்குமதிப் புள்ளிவிவரத்தில் பாமாயில் குறைந்தது, சூரியகாந்தி கூடியது என்று போடுகிறார்களே, அதில் வீட்டுச் சமையலறைக்குப் பங்கு குறைவு. எங்கள் ஊர்ப் பெண்கள் விலை ஏறினால் முணுமுணுப்பார்கள், ஒரு லிட்டருக்குப் பதில் அரை லிட்டர் பாக்கெட் எடுப்பார்கள், ஆனால் சூரியகாந்தியை விட மாட்டார்கள். பாமாயில் வேண்டும் என்றால் ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைப்பது போதும். மாறுகிறவர்கள் டீக்கடைக்காரர்கள், மெஸ் நடத்துகிறவர்கள், பஜ்ஜி போடுகிறவர்கள்.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் மிளகாய் பஜ்ஜி போடும் அக்கா ஒருவர், வாரம் இரண்டு டின் பாமாயில் எடுப்பார். 2024 செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை இரவு அறிவிப்பு வந்து, மறுநாளிலிருந்து கச்சா, அதாவது சுத்திகரிக்காத, சமையல் எண்ணெய்க்கு இறக்குமதி வரி ஏறியது. செஸ் என்ற கூடுதல் வரி எல்லாம் சேர்த்து 5.5 சதவீதமாக இருந்தது 27.5 ஆனது. அந்த வருடக் கடைசியில் இன்னொரு விநோதம்: எப்போதும் மலிவாக இருக்கும் பாமாயில், இறக்குமதி விலையில் சூரியகாந்தியையும் சோயாவையும் தாண்டியது. அக்கா கல்லாவில் நின்று, "ஏன் தம்பி, பாமாயில் இவ்ளோ ஆனப்புறம் அதை ஏன் வாங்கணும்?" என்றார். கேட்டது நியாயம். சோயா ஒரு டின் கொடுத்தேன். நாலாம் நாள் முக்கால் டின்னோடு திரும்பி வந்தார்.

"நுரை கட்டுது தம்பி. சட்டியே தெரியல. மாவைப் போட்டா பால் பொங்குற மாதிரி பொங்குது. பாமாயில்னா சாயங்காலம் ஊத்துனது ராத்திரி வரைக்கும் நிக்கும்."

உடைத்த டின்னை எப்படித் திரும்ப எடுப்பது? பாதிக் காசு கழித்துக்கொண்டு சூரியகாந்தி கொடுத்தேன். அக்கா மாதிரி எத்தனை ஆயிரம் சட்டிகள் நாட்டில் மாறினவோ, 2025 ஜனவரியில் பாமாயில் இறக்குமதி சுமார் 2.75 லட்சம் டன்னுக்கு இறங்கியது. 2023-24 எண்ணெய் ஆண்டில், அதாவது நவம்பரிலிருந்து அக்டோபர் வரை, மாதத்துக்குச் சராசரி ஏழரை லட்சம் டன் வந்துகொண்டிருந்தது. நாட்டுக்கு அந்த வருடம் சோயா ஏகமாக வந்தது. எங்கள் குடோனில் மட்டும் அது மூலையிலேயே கிடந்தது. கடலூர் மூக்குக்கு அந்த வாசனை ஒத்துவரவில்லை.

2025 மே 30-ல் கச்சா எண்ணெய்க்கு அடிப்படை வரியை இருபதிலிருந்து பத்து சதவீதமாகக் குறைத்தார்கள். மறுநாளே போன் மேல் போன்: "வரி கொறஞ்சுடுச்சாமே, ரேட்டு எறங்கலையா?" பழைய வரி கட்டி வந்த சரக்கு இன்னும் குடோனில் இருக்கிறது என்று எத்தனை பேருக்கு விளக்குவது? ஜூன் இரண்டாவது வாரம் அக்கா வந்தார். டின்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "அதையே போடு தம்பி, ரெண்டு" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை.