மணி ஒன்று என்றார்

"தம்பி, மேட்டுக்கு மேல வரிசையா வெளிச்சம் போகுது. ரயில் மாதிரி. என்னன்னு தெரியல."

"சாட்டிலைட்டுண்ணே. ஒண்ணும் இல்ல, வைங்க."

ராத்திரி போனில் நடந்தது இவ்வளவுதான். ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு நடக்கும் மாதங்களில் திருடர்கள் சரத்தோடு, அதாவது காய்க்கொத்தோடு, அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று, எதைப் பார்த்தாலும் உடனே போன் செய்யச் சொல்லி வைத்ததே நான்தான். காவலுக்கு இருந்த அண்ணன் கம்பத்துக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். சொன்னபடி செய்தார்.

நான் சும்மா சொல்லவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்னால் கம்பம்மெட்டில் பொழுது சாய்ந்த நேரம் அதே மாதிரி வரிசையைப் பார்த்து வீடியோவும் எடுத்திருந்தேன். அவர் போன் செய்த மறுநாள் காலை, வேலைக்கு வந்தவர்கள் பேர் எழுதும்போது அதைக் காட்டினேன். இன்டர்நெட் தரும் ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டுகள், 2019 மே மாதம் முதல் தடவையாக 60 செயற்கைக்கோள்களை ஒன்றாக ஏவினார்கள், ஏவிய சில நாட்களுக்கு இப்படித்தான் கோர்த்தாற்போலப் போகும் என்று விளக்கினேன். "பறக்கும் தட்டு பாத்தீங்களாண்ணே" என்று காய் எடுக்கும் பெண்கள் சிரித்தார்கள். அவர் எல்லாம் கேட்டுவிட்டு, "மணி ஒண்ணு இருக்கும் தம்பி" என்றார்.

"எத்தனை மணியா இருந்தா என்னண்ணே?"

இந்த வார்த்தைதான் என்னை விடமாட்டேன் என்கிறது. செயற்கைக்கோளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. நமக்கு இருட்டிய பிறகும் 550 கிலோமீட்டர் உயரத்தில் வெயில் இருக்கும், அது பட்டுத்தான் மின்னுகிறது. ஏவிய புதிதில் இன்னும் தாழ்வாகப் போகும். ஆகவே அந்தி சாய்ந்து ஓரிரு மணி நேரம், அப்புறம் விடியலுக்கு முன்னால் கொஞ்ச நேரம், அவ்வளவுதான் தெரியும். நடுநிசியில் நம் ஊருக்கு மேலே அந்த உயரம் முழுக்கப் பூமியின் நிழல். இதைப் பிற்பாடுதான் படித்தேன். போனை எடுத்துப் பார்த்தால் அவர் அழைத்த நேரம் 1.07.

அப்படியானால் என்ன அது? எதிர் மலைச் சாலையில் ஜீப்புகளாக இருக்கலாம். பள்ளத்தில் மஞ்சு, மூடுபனி, நிறைந்துவிட்டால் சாலை வானத்தில் இருப்பது போலத்தான் தெரியும். நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு மேட்டில் ஆள் நடந்திருந்தாலும் அப்படித்தான் தெரியும். அன்று எங்கள் தோட்டத்தில் ஒரு சரம்கூடக் குறையவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் நான் கேட்கவில்லை.

தூக்கக் கலக்கத்தில் எவனும் அதைத்தான் சொல்லியிருப்பான். அவர் பயப்படக் கூடாது என்றுதான் சொன்னேன். ஆனால் காலையில் எனக்குத் தூக்கக் கலக்கம் இல்லையே. பத்துப் பேர் முன்னால் அவரிடம் நான் கேட்டிருக்க வேண்டியது நேரத்தையும் திசையையும்தான்.

அதற்குப் பிறகு அவர் ராத்திரியில் எனக்குப் போன் செய்யவில்லை. போன மாதம் நானே போய், "நீங்க சொன்னதுதான் சரிண்ணே, அது சாட்டிலைட் இல்ல" என்றேன். இரண்டு ராத்திரி ஒரு மணி வரை அவரோடு மேட்டில் உட்கார்ந்திருந்தேன். எதிர் மலையே தெரியாத அளவுக்கு மஞ்சு.

"அன்னைக்கு மஞ்சு இல்ல தம்பி" என்றார்.